ஓரத்தில் ஒட்டிய நீலக் குழாய்

கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும். கட்டட வரைபடம் வரைந்து பிழைக்கிற ஒருத்திக்கு இது நல்லதல்ல. இதை எழுதும்போதும் நடுங்குகிறது. எழுத்து கோணிக்கொண்டு போனால் போகட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்றதும் மரம் செடியைத் தேட வேண்டாம். கொழும்பில் ஓர் ஒழுங்கைக்குள், குறுகிய சந்துக்குள், சுவரோடு சுவர் முட்ட வரிசையாக நிற்கும் சின்ன வீடுகளுக்குத்தான் அந்தப் பெயர். அந்த வீடுகளுக்குள் குளிக்க இடமில்லை. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குளியலிடம், ஆறு குழாய்கள். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. சும்மா கட்டிக் கொடுப்பதல்ல. 'மக்களோடு சேர்ந்து வடிவமைப்போம்' என்று மூன்று மொழியிலும் அச்சடித்த துணி ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தோம். பாவிப்பவர்தான் படைப்பவர், பயன்படுத்துகிறவர்தான் வடிவமைக்கிறவர் என்று எங்கள் பணிப்பாளர் மேடைக்கு மேடை சொல்லுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அதற்காகப் பக்கத்து மண்டபம் ஒன்றில் ஒரு செயலமர்வு வைத்தோம், எல்லோரையும் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்கிற கூட்டம். அந்தப் பிற்பகல் முழுவதும் தோட்டத்துப் பெண்கள் பதினொரு பேரும் நானும் சிங்களத்தில் கதைத்தோம். அவர்கள் பதினொரு பேரும் தமிழர். நானும் தமிழ். அந்த மண்டபத்தில் தமிழ் தெரியாதவர்கள் இரண்டே பேர், எங்கள் பணிப்பாளரும் செயலமர்வை நடத்திய பெண்ணும். அந்த இரண்டு பேருக்காகப் பன்னிரண்டு பேர் வாயை மாற்றிக்கொண்டோம். அப்படிச் செய்யுங்கள் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. பணிப்பாளர் பாவம், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று என்னிடம் முதல்நாளே கேட்டார். தேவையில்லை சேர், எல்லோருக்கும் சிங்களம் தெரியும் என்று சொன்னது நான்தான்.

கொழும்புத் தமிழருக்கு இது விளக்க வேண்டிய விஷயமே இல்லை. கழுத்தில் அட்டை தொங்கினால், கையில் ஃபைல் இருந்தால், அந்த ஆளோடு சிங்களத்தில் கதைக்க வேண்டும். நான் வெள்ளவத்தையில் இருப்பவள். காலி வீதியில் மரக்கறிக் கடையில் என் வாயில் தமிழைத் தவிர வேறு எதுவும் வராது. பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டியதும் நாக்குத் தானாகப் புரண்டுவிடும். வேலைக்குப் போகும்போது பொட்டு வைப்பதும் இல்லை. யுத்தம் நடந்த கெட்ட காலத்தில் சோதனைச் சாவடிகளுக்காகப் பழகியது அது. சாவடிகள் போய் எத்தனையோ காலம், என் நெற்றி மட்டும் இன்னும் வெறுமையாகத்தான் கந்தோருக்குப் போகிறது. அதனால் என்னைப் பார்த்து நான் தமிழ் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அவர்கள் தமிழர் என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவர்களுடைய பொட்டையும் தாலியையும் பார்த்தேன். தங்களுக்குள் தமிழில் குசுகுசுத்ததைக் கேட்டேன். 'தமிழிலேயே சொல்லுங்கோ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பணிப்பாளர் பக்கத்தில் நின்றார். பதினைந்து வருடமாக அந்தக் கந்தோரில் நான் படம் வரைகிற ஆள், அவ்வளவுதான். தமிழாள் என்று தனியாக ஒரு முத்திரை வேண்டாம் என்று ஒதுங்கியே பழகிவிட்டேன். அன்றும் ஒதுங்கிக்கொண்டேன்.

நான் வரைந்த படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தோம். பெண்களின் கையில் வெட்டிய வண்ணத்தாள்கள் கொடுக்கப்பட்டன. நீலம் குழாய், மஞ்சள் லைட், பச்சை கதவு. எது எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டுங்கள் என்றாள் நடத்திய பெண். ஒவ்வொருத்தராக வந்து, பிள்ளைகள் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். நீலத்தாள்கள் சுவரோரமாக ஒரே வரிசையில் வந்து நின்றன.

கடைசியாக ஓர் அக்கா. ஐம்பது வயதை ஒட்டியிருப்பார். நீரிழிவினால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒருத்தரின் தோளைப் பிடித்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தவர், தன்னுடைய நீலத்தாளை மற்றவர்களுடைய வரிசைக்கு வெகு கீழே, தாளின் அடி ஓரத்தில், நான் வரைந்திருந்த சுவர்க்கோட்டுக்கும் வெளியே ஒட்டினார். நடத்திய பெண் சிரித்துவிட்டு, ஐயோ அக்கே, குழாய் ரோட்டுக்குப் போய்விட்டதே என்று சிங்களத்தில் பகிடி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவள் அந்த நீலத்தாளை உரித்தெடுத்து மற்றக் குழாய்களோடு வரிசையில் ஒட்டினாள். நான் ஃபைலோடு அந்த அக்காவிடம் போய், இப்போது சரியா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"ஹரி மிஸ், பிரஷ்னயக் நே" என்றார். சரி மிஸ், பிரச்சினை ஒன்றும் இல்லை. நான் அவர் பெயருக்கு நேரே சரி போட்டுவிட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு கட்டினோம். வெள்ளை டைல், நெஞ்சு உயரத்தில் பளபளவென்று ஆறு குழாய்கள், தண்ணீர் வெளியே வராமல் வாசலில் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டு. திறப்பு விழாவன்று அந்த அக்காவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் முன்வரிசையில் இருத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இப்போது எங்கள் கந்தோர் வாசலில் மாட்டியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன்.

ஒரு மாதம் கழித்துப் பாவனையாளர் கருத்துப் படிவத்தை நிரப்ப நான் தனியாகப் போனேன். அக்கா வீட்டு வாசலில், தரையில் ஒரு மரப்பலகையில் இருந்தார். கட்டடம் எப்படி என்று கேட்டேன், சிங்களத்தில்தான். "ஹரி மிஸ்" என்றார். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? "ஹரி மிஸ்." ஏதாவது குறை? "பிரஷ்னயக் நே." நான் சரி, சரி, சரி என்று போட்டுக்கொண்டே போனேன். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அம்மா போன் எடுத்தார்.

"ஓம் அம்மா, கொட்டாஞ்சேனையில நிக்கிறன். மருந்தைக் குடிச்சிட்டுப் படுங்கோ, நான் வெள்ளென வந்திருவன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க தமிழா?" என்றார்.

"ஓம் அக்கா. வெள்ளவத்தை."

"அடப்பாவி" என்றார். அந்த வார்த்தையை யாரும் எனக்கு அவ்வளவு பொருத்தமாகச் சொன்னதில்லை. "அன்னைக்கிப் பூராவும் நம்மளோட சிங்களத்துல பேசிக்கிட்டு நின்னது நீங்கதானே? நான்கூட நெனச்சேன், இந்த மிஸ்ஸோட சிங்களமும் நம்ம சிங்களம் மாதிரியே நொண்டுதேன்னு."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் குளிச்சு மூணு நாளாச்சு தங்கச்சி. நாத்தனார் வேலக்கிப் போகாத நாள்லதான் குளிக்கலாம். அவதான் என்னயத் தூக்கி அந்தக் கட்டத் தாண்டி வச்சு, பைப்ப தொறந்து, தலக்கி ஊத்தணும். கால் எடுத்து வீட்டுக்கு வந்தப்பகூட நான் தனியாத்தான் குளிச்சேன். இப்ப ஒருத்தி முன்னுக்கு உரிஞ்சுபோட்டுக்கிட்டு குந்திக்கிட்டு இருக்கேன்."

பழைய இடத்தில் எப்படிக் குளித்தீர்கள் என்று கேட்டேன். அந்தப் பழைய இடத்தை அளந்தவள் நான். ஆறு குழாய்களில் ஒன்று மட்டும் முழங்கால் உயரத்தில், ரப்பர் பட்டியால் சுற்றிக் கட்டப்பட்டு, கீழே ஓர் உடைந்த சிமெந்துப் பலகையோடு இருந்தது. என் குறிப்பில் அதை 'பழுதான குழாய்' என்று எழுதியிருந்தேன்.

அக்கா சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, அது பழுது இல்லை. அந்தத் தோட்டத்தார் எல்லோரும் சேர்ந்து அக்காவுக்காகச் செய்தது. ஒழுங்கையில் இருக்கும் மேசன் ஒருவர் பைப்பை வளைத்து இறக்கினார். முதலில் இறக்கியது போதவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தாங்களே தரையில் குந்திக் கையை நீட்டிப் பார்த்து, இன்னும் இறக்கச் சொன்னார்கள். இரண்டாவது தரம் தண்ணீர் முகத்தில் அடித்தது. மூன்றாவது தரம்தான் சரி வந்தது. ரோடு போட்ட இடத்திலிருந்து சிமெந்துப் பலகையைக் கொண்டுவந்து போட்டது இன்னொரு வீட்டார். வீட்டு வாசலில் இருந்து மரப்பலகையில் இருந்தபடியே அரைந்துபோய் அந்தச் சிமெந்துப் பலகையில் ஏறலாம். சாக்குத் திரை ஒன்று. அவ்வளவுதான்.

மக்களோடு சேர்ந்து வடிவமைப்பது என்றால் என்னவென்று நாங்கள் துணி கட்டிச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் அதை ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள். நான் அதைப் பழுது என்று எழுதினேன், கட்டட வேலை செய்யும் பாஸ்மார் வந்து இடித்தார்கள்.

"ஏன் அக்கா அண்டைக்கே சொல்லேல்ல?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருக்க வேண்டும், எதிர் வீட்டில் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். எனக்கு அவர்மீதும் கோபம். வாய் இல்லையா இந்த மனிசிக்கு என்று இருந்தது.

"எனக்குக் கடக்கிப் போய்க் கேக்க, ஆசுபத்திரியில நோவச் சொல்ல, பொலிஸ் வந்தா பதில் சொல்ல சிங்களம் வரும். ஒரு பொம்பள குளிக்கிற வெசயத்த அதுல எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. பெரியவங்க வந்து கேட்டா ஹரின்னு சொல்லித்தான் பழக்கம்." பிறகு அவரும் குரலை உயர்த்தினார். "ஆனா நான் சொல்லாம இல்ல. ஒட்டிக் காட்டினேன்ல? கீழ ஒட்டினேன்ல? மேல ஒட்டினது மேல இருக்கிற பைப்பு. எனக்குக் கீழ வேணும்னு கீழ ஒட்டினேன். அத நீங்கதானே உரிச்சு எடுத்தீங்க!"

கட்டட வரைபடம் என்பது கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்ப்பது. அதில் நீளமும் அகலமும்தான் தெரியும், உயரம் தெரியாது. எனக்கு அது பார்த்துப் பார்த்துப் பழகிப்போனது. அவர்களுக்கு அது சுவரில் மாட்டிய ஒரு படம். சுவரில் மாட்டிய படத்தில் மேலே இருப்பது மேலே, கீழே இருப்பது கீழே. வரைபடத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாவது தமிழில் இரண்டு வசனம் சொல்லியிருந்தால் போதும்.

அங்கிருந்து நேரே கந்தோருக்குப் போனேன். சீக்கிரம் வருவதாக அம்மாவுக்குச் சொன்ன வாக்கு அன்று போயிற்று. களஞ்சிய அறையில் சுருட்டி வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக விரித்தேன். கிடைத்தது. அடி ஓரத்தில், சுவர்க்கோட்டுக்கு வெளியே, உரித்தபோது ஒட்டிக்கொண்டு மிஞ்சிய நீலத்தாள் துண்டு, நகம் அளவுக்கு. அந்த அறையில் நின்று நான் அழவில்லை. கெட்ட வார்த்தை சொன்னேன், தமிழில்.

மறுநாள் அந்தத் தாளைப் பணிப்பாளரின் மேசையில் விரித்தேன். ஒரு குழாயை இறக்க வேண்டும், வாசல் கட்டில் ஓர் இடத்தை வெட்டிச் சரிவாக்க வேண்டும், இரண்டு நாள் வேலை என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பொறுமையானவர்களோடு சண்டை பிடிப்பதுதான் கஷ்டம். கையெழுத்து இருக்கிறதே என்றார். திறப்பு விழாப் படம் இருக்கிறதே என்றார். நேற்று நீங்களே நிரப்பிய படிவத்தில் குறை இல்லை என்றுதானே இருக்கிறது என்றார். ஒப்படைத்த கட்டடத்தில் இனிக் கை வைக்க முடியாது, ஒருவருக்காக மாற்றினால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டுமே சேர், கேட்கச் சொல்லித்தானே துணி கட்டினோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயலமர்வை நடத்திய பெண் என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோய்த் தேநீர் வாங்கித் தந்தாள். நீங்கள் இதை மிகவும் மனதில் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றாள். வேறு எங்கே எடுப்பது என்று கேட்டேன். அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை.

சனிக்கிழமை பொட்டு வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கழுத்தில் அட்டை இல்லை, கையில் ஃபைல் இல்லை. கோடு போட ஒரு பெட்டி சோக்கட்டி மட்டும். கந்தோர் செய்யாது, என்னால் செய்விக்கவும் முடியவில்லை என்று அந்தப் பெண்களிடம் தமிழில் சொன்னேன். நான் தமிழ் என்ற செய்தி ஏற்கெனவே தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. அன்று வாங்கியது மாதிரி ஏச்சு வாழ்நாளில் வாங்கியதில்லை. செயலமர்வில் கேட்டதற்கு மேல் வாயே திறக்காத பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். உடுப்புத் தோய்க்க இருந்த கல்லை ஏன் எடுத்தீர்கள் என்று ஒருத்தர். கதவு உள்ளே திறக்கிறது, வாளியை எங்கே வைப்பது என்று இன்னொருத்தர். வெள்ளை டைலில் யார் தினம் தினம் ஊத்தை உரஞ்சுவது என்று மூன்றாவது ஆள். இடையில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்கள். மூன்று மணித்தியாலம் நடத்திய செயலமர்வில் எனக்குக் கிடைக்காதது அரை மணித்தியாலத்தில் கிடைத்தது.

அக்காவைத் தூக்கிக் கட்டைத் தாண்டி உள்ளே இருத்தினோம். அவர் கையை நீட்டினார். விரல் எங்கே போய்ச் சிரமமில்லாமல் நின்றதோ அந்த இடத்தில் நாத்தனார் சோக்கட்டியால் கோடு போட்டார். "இன்னும் கொஞ்சம் எறக்கு" என்றார் அக்கா. இறக்கிப் போட்டார். வாசல் கட்டில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அந்த ஒழுங்கை மேசன் அக்காவின் மரப்பலகையை வைத்துப் பார்த்தார். நான் ஒரு கோடும் போடவில்லை. வெட்டச் சொல்லவும் இல்லை, வெட்ட வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

அடுத்த கிழமை கந்தோருக்குத் தொலைபேசி வந்தது. திறந்து இரண்டு மாதம் ஆகாத கட்டடத்தில் டைலை உடைத்துவிட்டார்கள், வாசல் கட்டை வெட்டிவிட்டார்கள். பணிப்பாளர் முகம் சிவந்துபோய் வந்தார். இந்த மக்களுக்கு என்ன செய்து கொடுத்தாலும் இப்படித்தான் என்றார். அந்த வசனத்தை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. படைப்பவர்கள் என்று மேடையில் சொன்ன அதே வாயால் சொன்னார். சேத அறிக்கை எழுத ஆள் வேண்டும், நீங்கள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று என்னிடம் படிவத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நான் போனபோது அந்த மூலையில் சாக்குத் திரை தொங்கியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். கீழே, வெட்டிய கட்டின் வழியாகச் சவர்க்கார நுரை வடிந்து வடிகானுக்குப் போனது.

"அக்கா" என்றேன். "கந்தோரில இருந்து அனுப்பினவை. படம் எடுக்கோணுமாம்."

"கொஞ்சம் இருங்க தங்கச்சி" என்றது உள்ளே இருந்து. "குளிச்சுக்கிட்டு இருக்கேன். அவசரப்படுத்தாதீங்க."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தேன். படிவத்தில் 'சேதத்தின் விபரம்' என்று ஒரு கட்டம், 'ஏற்படுத்தியவர்' என்று ஒரு கட்டம். பதினைந்து வருடமாக அப்படிப்பட்ட படிவங்களை நான் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் நிரப்பியிருக்கிறேன். அன்று தமிழில் எழுதினேன். சேதம் என்ற சொல்லை வெட்டிவிட்டுத் திருத்தம் என்று போட்டேன். 'ஒரு காலை இழந்த, வலது குறைந்த பெண்மணியின் வசதி கருதி, எங்கள் வடிவமைப்பில் இருந்த பிழை சரிசெய்யப்பட்டுள்ளது' என்று எழுதினேன். பணிப்பாளர் யாரையாவது தேடிப்பிடித்து வாசித்துக்கொள்ளட்டும். எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை.

திரை விலகியது. அக்கா பலகையில் அரைந்தபடி வெளியே வந்தார். ஈரத் தலையில் துவாய் கட்டியிருந்தார். யாரும் தூக்கவில்லை. என் பக்கத்தில் வந்ததும், என் மடியில் இருந்த தாளைப் பார்த்தார்.

"என்னா எழுதியிருக்கீங்க? வாசிங்க பாப்போம்."

வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு, "சரியா அக்கா?" என்றேன்.

"சரியில்ல" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். "என்னயப் பாத்துப் பாவப்பட்டு நீங்க செஞ்சு குடுத்த மாதிரி இருக்கு. சரிசெய்யப்பட்டிருக்குன்னா, யாரு செஞ்சது? நாங்க செஞ்சோம். பதினோரு வீட்டுப் பேரும் போடுங்க. என் பேர மொதல்ல போடுங்க. அத வெட்டிட்டுத் திரும்ப எழுதுங்க."

வெட்டினேன். ஒவ்வொரு பெயராக அவர் சொல்லச் சொல்ல, 'ஏற்படுத்தியவர்' என்ற கட்டத்துக்குள் இடம் போதாமல் தாளின் ஓரம் முழுக்க எழுதினேன்.